மீன் செத்தால் சான்றிதழ்

கடையில் வாங்கிய பொருள் மறுநாளே கெட்டுப்போனால் மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தத் தெருவில் மட்டும், இன்னும் கெட்டுப்போகவில்லையே என்று சண்டைக்கு வந்தார்கள்.

"ஐயா, மீன் வாங்கி நாலு நாள் ஆச்சு. இன்னும் உயிரோட இருக்குய்யா!" என்று ஒரு பெரியவர் கண்ணீர் மல்க முறையிட்டதைத் தெருவே கேட்டது.

"பதறாதீங்க. உங்க கண்டம் கொஞ்சம் கனமானது. மெதுவாத்தான் இழுக்கும்" என்று அவருக்குத் தேறுதல் சொல்லப்பட்டதையும் கேட்டது. ஐந்தாம் நாள் மீன் செத்தது. பெரியவர் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

வரிசை என்றால் லேசுப்பட்ட வரிசை இல்லை. கண்டந்தாங்கி மீன் பீடத்தின் வாசலில் தலை. அங்கிருந்து சாவிக்கடை, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றையும் தாண்டி, முனையில் திரும்பி, மருந்துக்கடைப் படியில் வால். மருந்துக்கடை வாசலில் நல்ல நிழல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டும், இடுப்பைப் பிடித்துக்கொண்டும், இருமிக்கொண்டும் அங்கே மணிக்கணக்கில் நிற்பார்கள். உள்ளே மட்டும் போக மாட்டார்கள்.

நடைமுறை எளிமையானது. யாருக்குக் கண்டமோ அவர் உடுத்திய துணி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். பீடத்தில் இருக்கும் மீனய்யா அதை முகர்ந்து பார்த்து, "ம்ம்ம்" என்பார். அந்த 'ம்ம்ம்' எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய கண்டம். பிறகு கைக்கு அடக்கமான ஒரு கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை குழாய்த்தண்ணீர் நிரப்பி, ஒரு மீனை உள்ளே விட்டு, மூடி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றித் தருவார். தீனி போடக் கூடாது; அது உங்கள் கண்டத்தைத் தின்னும். திறக்கக் கூடாது, தின்ற கண்டம் வெளியே வந்துவிடும். ஏழு நாளுக்குள் மீன் உங்களுக்குப் பதிலாகச் செத்துப்போகும். உடனே கறுப்புத் துணியால் பாட்டிலை மூடிக் கட்டிக் கொண்டுவர வேண்டும். மீனய்யா துணியின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, எந்த நோயை வாங்கிக்கொண்டு போனது என்று சொல்வார். முத்திரை குத்திச் சான்றிதழும் தருவார். அதை ஜனங்கள் சட்டம் போட்டு, பிள்ளைகளின் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார்கள். பட்டம் வாங்க மூன்று வருடம். இதற்கு மூன்று நாள்.

பாட்டில் பின்னறைக்குப் போகும். கழுவப்படும். வேறொரு மீனோடு மறுநாள் வெளியே வரும்.

இந்த ஞானம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அது வெறும் வண்ணமீன் கடை. கடைக்காரருக்கு மீனைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: அது தண்ணீரில் இருக்கும். அந்தத் தண்ணீர் நாறும், மீனுக்குப் பசிக்கும், மூச்சு முட்டும் என்பதெல்லாம் அவர் கேள்விப்படாத செய்திகள். ஆகவே மீன்கள் செத்தன. கடையில் செத்தன, வழியில் செத்தன, வாங்கியவர் வீட்டு வாசற்படியில் செத்தன. ஒருநாள், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார். தப்பிக்க வழியில்லாத கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"சார், நேத்து லாரிக்கு அடியில போயிருக்க வேண்டியது நீங்க. உங்களுக்குப் பதிலா இது போயிருக்கு. நன்றி சொல்றதை விட்டுட்டுச் சட்டையைப் பிடிக்கறீங்களே!"

பிடி தளர்ந்தது. அவர் பையைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். கண் கலங்கியது. மனைவிக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என இன்னும் இரண்டு மீன் வாங்கிக்கொண்டு போனார். மாமியாருக்கும் வாங்கினார் என்பதிலிருந்தே எவ்வளவு கலங்கியிருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரே வாரத்தில் பெயர்ப்பலகை மாறியது. கடைக்காரர் மீனய்யா ஆனார். சட்டை போய் நீல நிற ஜிப்பா வந்தது, கழுத்தில் சிப்பி மாலை வந்தது. மீன்களின் நிலைமை மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே போய்விட்டது. முன்பு மீன் செத்தால் நஷ்டம். இப்போது சாகாவிட்டால்தான் நஷ்டம்.

இந்த வளர்ச்சியை அங்குல சுத்தமாக அறிந்தவர் தெருவில் ஒருவர்தான். எதிர்க்கடைத் தையல்காரம்மா. மீனய்யாவின் முதல் ஜிப்பாவுக்கு மார்பளவு முப்பத்தாறு. போன மாதம் எடுத்தபோது நாற்பத்துநான்கு. அளவு நோட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. 'கண்டம் முழுக்க மீன்தானே தின்னுது, இந்த மனுஷன் எதைத் தின்னு இப்படி ஊதறான்' என்று நினைத்துக்கொண்டுதான் அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

தையல்கடை சின்னது. ஒரு மெஷின், ஒரு வெட்டுப்பலகை, வாடிக்கையாளருக்கு ஒரு முக்காலி, வாசலோரம் இளவரசி. இளவரசி என்பது அளவு பார்க்கும் பொம்மை. தலை கிடையாது, கை கிடையாது, இடுப்புக்குக் கீழே காலும் கிடையாது. ஒற்றை இரும்புக் கம்பியில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறாள். தைத்த எந்த ப்ளவுஸும் முதலில் இளவரசி மேல்தான் ஏறும். இத்தனை வருடத்தில் கை இறுக்கம், கழுத்து பெரிசு என்று ஒரு குறை சொன்னதில்லை என்பதால் தையல்காரம்மாவுக்கு அவளிடம் தனிப் பிரியம்.

எதிரே நடக்கும் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் வீட்டுச் சுவரிலேயே நான்கு சான்றிதழ்கள் ஏறிவிட்டன.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால் வாயு என்பார்.

"வாயு எப்படிங்க இடது கையில இறங்கும்?"

"அது கியர் போடுற கைம்மா. நாள் முழுக்க நீ போட்டுப் பாரு, உனக்கும் வலிக்கும்."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாமே."

"டாக்டர் பார்த்தா எழுதுவான். எழுதினா டிப்போவுக்குப் போகும். டிப்போவுக்குப் போனா வண்டியில இருந்து இறக்கி, ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு, வர்ற வண்டி போற வண்டிய எண்ணச் சொல்லுவான். இருபத்தாறு வருஷம் ஸ்டியரிங் புடிச்சவன் நான். ஸ்டூல்ல உக்காரவா?"

ஆகவே டாக்டருக்குப் பதிலாக மீன். முதல் மீன் செத்ததும் சான்றிதழ் வந்தது: 'இருதயக் கண்டம், பாகம் ஒன்று.' அப்புறம் பாகம் இரண்டு. பாகம் மூன்று. சினிமாக்காரர்களே மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். மீனய்யா நான்காம் பாகமும் எடுத்தார். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் டிரைவர் ரெண்டு நாள் நிமிர்ந்து நடப்பார். மூன்றாம் நாள் மறுபடி படியில் நிற்பார்.

நாற்பத்துநான்கு அங்குல ஜிப்பாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லக் கொண்டுபோனபோதுதான் தையல்காரம்மா முதல்முறையாகப் பீடத்தின் பின்னறைக்குள் போனார். "உள்ள வந்து குடும்மா, வெளிய கூட்டம்" என்று மீனய்யாவே கூப்பிட்டார்.

உள்ளே சுவரை மறைத்து அலமாரி. அலமாரி நிறைய பிளாஸ்டிக் கப்புகள். டீக்கடையில் கழுவி அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் தண்ணீர், அதில் ஒரு மீன். திரும்ப இடம் இல்லாமல் வளைந்தே கிடந்தது. சிவப்பு, ஊதா, கருநீலம். துணியோடே வாழ்ந்தவர் அல்லவா, அவர் கண்ணில் முதலில் பட்டது துடுப்புகள்தான். கை தேர்ந்தவர் ஃப்ரில் வைத்துத் தைத்த மாதிரி அவ்வளவு சன்னமான சுருக்கம். அந்த ஃப்ரில்லின் ஓரங்கள் கரையான் அரித்தது போல அரித்திருந்தன. மூலையில் மூடி போட்ட ஒரு பக்கெட். அதன் பக்கத்தில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை.

"இதுங்களுக்குத் தீனி?" என்றார் தையல்காரம்மா.

"விரதம்" என்றார் மீனய்யா, ஜிப்பாவுக்குள் தலையை நுழைத்தபடி. "வயிறு காலியா இருந்தாத்தான் கண்டம் உள்ள போகும். அக்குள்ல கொஞ்சம் புடிக்குதே."

"நீங்களும் ஒருநாள் விரதம் இருந்தா புடிக்காது."

அன்று சாயங்காலம் பார்த்ததை அப்படியே வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் சாவதானமாகக் கேட்டார். "பட்டாளத்துக்காரங்க கூடத்தான் டென்டுல கஷ்டப்படறாங்க. தியாகம்னா சும்மாவா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீன் வாங்கச் செருப்பை மாட்டினார்.

மறுவாரம் மத்தியானம் வீட்டுக்காரரின் பஸ் கண்டக்டர் தையல்கடைக்கு வந்தார். சட்டைப் பித்தான் அறுந்துவிட்டது என்றார். அறுத்துக்கொண்டு வந்தது பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, அண்ணன் உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னாரு. அதனாலதான் வந்தேன். காலையில பாலத்துக்கு ஏறுற இடத்துல வண்டிய ஓரங்கட்டிட்டாரு. உள்ள அறுபது பேரு. இவரு படியில உக்காந்து வேர்த்துக் கொட்டறாரு. பேசவே முடியலக்கா. பத்து நிமிஷம். அப்புறம் எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட்டிட்டாரு."

டிரைவர் வீட்டுக்கு வந்தது குதூகலமாக. கையில் கறுப்புத் துணி சுற்றிய பாட்டில்.

"கேட்டியா சேதிய? கண்ணு இருட்டுச்சு. சரி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எழுந்து பார்த்தா டேஷ்போர்டு மேல மீன் மிதக்குது! புரியுதா? அங்க மிதந்திருக்க வேண்டியது நான்!"

"ஏங்க, வெயில்ல டேஷ்போர்டு மேல மூடி போட்டு வச்சா மிதக்காம என்ன பண்ணும்? வேகும். ஒரு மணி நேரம் போனா ரசமே வச்சிருக்கலாம்."

"இது அஞ்சாம் பாகம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும். இதோட முடிஞ்சுதுன்னு மீன் குடுக்கும்போதே மீனய்யா சொல்லிட்டாரு."

"நாலோடவும் அதைத்தான் சொன்னாரு."

சட்டைப் பித்தானைக் கழற்றும்போது இடது கையை டிரைவர் உயர்த்தவே இல்லை என்பதைத் தையல்காரம்மா கவனித்தார்.

மறுநாள் காலை, குடிநீர் வாரியத்தில் தண்ணீரைச் சோதிக்கும் மேடம் கடைக்கு வந்தார். மூன்று வாரமாக வந்துகொண்டிருக்கிறார்.

"ப்ளவுஸ்?"

"நாளைக்கு மேடம்."

"உன் 'நாளைக்கு'க்கும் எதிர்க்கடைக்காரன் ஏழு நாளைக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்லைம்மா" என்று முக்காலியில் உட்கார்ந்த மேடம், தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன ஆச்சு?"

சொன்னதும் மேடம் ஒரு நிமிடம் எதிர்ப்பக்கம் பார்த்தார். ஒருவர் மெழுகு வைத்த பாட்டிலைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்.

"அது ஃபைட்டர் மீன். தண்ணிக்குள்ள மட்டும் இல்ல, மேல வந்து வாயை வெளிய நீட்டியும் காத்து குடிக்கணும். விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி மூடினா காத்துக்கு எங்க போகும்? போதாக்குறைக்கு நேரா குழாய்த்தண்ணி. அதுல நாங்க போடுற குளோரின் கிருமிக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. உன்னை ஒரு டிரம்முல போட்டு, மூடி, மெழுகு ஊத்தி, சோறும் போடலைன்னா நீ யார் கண்டத்தை வாங்கிக்கிட்டுப் போவே?"

"முதல்ல உங்க ப்ளவுஸை வாங்கிக்கிட்டுப் போவேன் மேடம்" என்றார் தையல்காரம்மா. சொல்லும்போதே அவர் கண் இளவரசியின் மேல் போய் நின்றது. மேடத்தின் ப்ளவுஸ் இளவரசி மேல்தான் இருந்தது. இன்னும் எந்த மனித உடம்பும் தொடாத ப்ளவுஸ்.

அன்று மாலை வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது.

"உங்க மீனய்யா சொல்றது பொய்னு உங்க கண்ணு முன்னாலயே காட்டினா, டாக்டர்கிட்ட வருவீங்களா?"

"காட்டு பாப்போம். காட்ட முடியலைன்னா?"

"நானும் ஒரு பாட்டிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் மெஷின்ல உக்காருவேன். ஆனா மூணு நாள் நீங்க லீவு போடணும்."

டிரைவர் யோசித்தார். லீவு என்றதும் பழைய டிரைவராக இருந்தால் மாட்டேன் என்று குதித்திருப்பார். இப்போது உடம்பே அவரிடம் லீவு கேட்டுக்கொண்டிருந்தது. சரி என்றார்.

மறுநாள் தையல்காரம்மா வரிசையில் நின்றார். பீடத்தில் துணியை வைத்தார். மீனய்யா முகர்ந்தார். 'ம்ம்ம்' நீண்டது. வரிசையில் நின்றவர்கள் அந்த 'ம்ம்ம்' முடிவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"யாரும்மா இது?"

"எங்க கடையில இருக்கறவ. இளவரசின்னு கூப்பிடுவோம்."

"சாப்பாடு?"

"ஒரு வாய் தொடறதில்லைங்க."

"தூக்கம்?"

"படுத்தே நான் பாத்ததில்ல. ராவும் பகலும் நின்னபடிதான்."

"கல்யாணம்?"

"ஊர்ல உள்ள கல்யாணப் பொண்ணுங்க ப்ளவுஸெல்லாம் போட்டுப் பாத்துட்டா. அவளுக்கு மட்டும் அமையல."

பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி 'ச்சூ' கொட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மீனய்யா மறுபடி ஒருமுறை முகர்ந்தார்.

"ரெண்டே நாள்தாம்மா. அதுக்குள்ள மீன் வாங்கலைன்னா இளவரசி இருக்க மாட்டா."

அவர் தந்தது கருநீல மீன், அரித்த ஃப்ரில்லோடு. சாலையைக் கடந்ததும் தையல்காரம்மா கத்தரிக்கோல் முனையால் மெழுகைப் பெயர்த்து மூடியைத் திறந்தார். மீன் மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியது. நெரிசல் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மூச்சு விடுவார்களே, அப்படி.

மேடம் சொன்னபடி முந்தின நாளே வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைத்திருந்தது. பாட்டில் தண்ணீரோடு பாத்திரத்துத் தண்ணீரை மெல்ல மெல்லக் கலந்து, கால்மணி கழித்து மீனை உள்ளே விட்டார்கள். மேடம் ஒரு பொட்டலத்தில் மீன் தீனி கொண்டுவந்திருந்தார். வேளைக்கு நாலு சின்ன உருண்டை. அவ்வளவுதான் பூஜை, அவ்வளவுதான் பரிகாரம். முதல் நாள் மீன் ஒரு மூலையில் சும்மா கிடந்தது. இரண்டாம் நாள், மெஷின் ஓடினால் அந்தப் பக்கம் வந்து பார்த்தது. லீவில் இருந்த டிரைவர் முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகும் சாகும் என்று பார்த்தார். சாகவில்லை.

"இளவரசிக்குக் கண்டமே இல்லாம இருக்கும்" என்றார், குரலில் அவ்வளவு உறுதியில்லாமல்.

"அதை மீனய்யாவே சொல்லட்டும்" என்றார் தையல்காரம்மா.

மூன்றாம் நாள் காலை. பீடத்தில் நல்ல கூட்டம். தையல்காரம்மா மீனைப் பாட்டிலில் விட்டு, பாதிவரைக்குமே தண்ணீர் வைத்து, மூடி போடாமல் கறுப்புத் துணியைத் தளரச் சுற்றினார். "பத்தே நிமிஷம். பொறுத்துக்கோ ராஜா" என்றார். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். ப்ளவுஸ் தாமதத்துக்குக்கூடக் கேட்டதில்லை.

மீனய்யா துணி மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். கூட்டம் அடங்கியது.

"ஐயோ பாவம்... நேத்து விடியற்காலை. துடிச்சிருக்கு மீன். சாதாரண கண்டமா இது? இருதயத்துல மூணு அடைப்பு. ரெண்டு முழங்காலும் தேய்மானம். அப்புறம்..." மீனய்யாவின் புருவம் நெரிந்தது. "தலைக்குள்ள ஒரு கட்டி. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு அடங்கிருச்சும்மா. இளவரசி பிழைச்சா!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"எழுதிக் குடுங்க ஐயா."

எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்.

"இளவரசி நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு ஆசைப்படறா. வரச் சொல்லட்டுங்களா?"

"தாராளமா! வரச் சொல்லு!" மீனய்யா இரு கைகளையும் விரித்தார். நாற்பத்துநான்கு அங்குலம் முழுசாக விரிந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த வழியே குடிநீர் வாரிய மேடம் இளவரசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, பீடத்துக்கு நேர் எதிரே, இரும்புக் கம்பியோடு நங்கென்று நிறுத்தினார்.

மீனய்யா இளவரசியைப் பார்த்தார். இளவரசி பார்க்கவில்லை, அதற்கான வசதி அவளுக்கு இல்லை.

"முழங்கால் எங்கங்க ஐயா?" என்றார் தையல்காரம்மா. கம்பியைத் தட்டினார். "இதுவா? தலைக்குள்ள கட்டின்னீங்களே, தலையைக் காட்டுங்க, அப்புறம் கட்டியைப் பாக்கலாம்." மார்பில் விரலால் தட்டினார். காலி டப்பாச் சத்தம் வந்தது. "அடைப்பு மூணும் இதுக்குள்ளயா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

மீனய்யா லேசுப்பட்டவர் இல்லை. சட்டையைப் பிடித்த கையிலிருந்தே மீண்டவர். "பொம்மை போட்டா என்ன? துணி யாருதோ அவங்க கண்டத்தைத்தான் நான் சொன்னேன்!"

"துணி என்னுது" என்றார் மேடம். "இன்னும் நான் போட்டே பாக்கல. மூணு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன், இவ நாளைக்கு நாளைக்குங்கறா."

"அப்ப உங்களுக்குத்தாம்மா கண்டம்! உங்களுக்காகத்தான் இந்த மீன் செத்துச்சு! கையெடுத்துக் கும்பிடுங்க!"

"சரி, கும்பிடறேன். செத்த மீனைக் காட்டுங்க."

தையல்காரம்மா கறுப்புத் துணியை உருவினார். கருநீல மீன் மேலே வந்து ஒரு மிடறு காற்று குடித்தது. எதிரே பெரிதாக நீலமாக எதையோ கண்டு, செவுளை விரித்து, ஃப்ரில் முழுவதையும் சிலிர்த்துக்கொண்டு மீனய்யாவிடம் சண்டைக்கு நின்றது. வாங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சண்டை போட்ட முதல் மீன் அதுதான்.

"உயிர்த்தெழுந்துருச்சு!" என்று கூட்டத்தில் ஒருவர் அலறினார். நான்கைந்து கைகள் தலைக்கு மேலே குவிந்தன. அலறியவர் அன்று மிட்டாய் கொடுத்த பெரியவர். நம்புகிறவனிடமிருந்து நம்பிக்கையைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமில்லை. துணியில் காய்ந்துபோன பசை அது.

"எழவும் இல்ல, விழவும் இல்ல" என்று தையல்காரம்மா குரலை உயர்த்தினார். "சாகவே இல்ல பெரியவரே. மூடியைத் திறந்து விட்டேன். நல்ல தண்ணி வச்சேன். தீனி போட்டேன். வேற ஒரு மந்திரமும் பண்ணல. உங்க மீனுக்கும் இதைச் செஞ்சிருந்தா அதுவும் உங்க வீட்ல நீந்திக்கிட்டிருக்கும். உங்க மீன் எதுவும் உங்களுக்காகச் சாகல. மூச்சு முட்டிச் செத்துச்சு, பட்டினியில செத்துச்சு. சந்தேகம்னா அந்தத் திரையை விலக்கிப் பாருங்க."

திரையை விலக்கியது டிரைவர். அதுவரை கூட்டத்தின் ஓரத்தில் நின்றவர் விறுவிறுவென்று பின்னறைக்குள் போனார். அலமாரியைப் பார்த்தார். கப்புகளைப் பார்த்தார். பக்கெட்டின் மூடியைத் தூக்கினார். உள்ளே செத்த மீன்கள். தூக்கிய கை அப்படியே நின்றது. ஐந்து கறுப்புத் துணிகளுக்குள் தன் பெயரால் வந்து சேர்ந்தவை அந்தக் குவியலில் எங்கே கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. மூடியை வைத்துவிட்டு வெளியே வந்து பீடத்தின் படியில் உட்கார்ந்தார்.

தையல்காரம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப எனக்கு வந்தது..." டிரைவர் நெஞ்சைத் தொட்டார். "பாகம் ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"அஞ்சும் உள்ளேயேதாங்க இருக்கு."

அந்தப் பதிலைப் பக்கத்தில் நின்றவர் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் கேட்டார். வரிசையில் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் இடுப்பை, நெஞ்சை, விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு போனதாக முத்திரை குத்தப்பட்டதெல்லாம் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. வரிசை அப்படியே திரும்பியது. வால் தலையானது. மருந்துக்கடைக்காரர் முதல்முறையாகத் தன் கடைக்குள் இரண்டு பேருக்கு மேல் ஆளைப் பார்த்துப் பயந்துபோனார்.

இந்த அமளியில் மீனய்யா பின்வாசல் வழியாக ஓடினார். கதவு ஆணியில் ஜிப்பா மாட்டிக் கிழிந்து, ஒரு துண்டு அங்கேயே தங்கிவிட்டது. பிற்பாடு அந்தத் துண்டை எடுத்துப் பார்த்த தையல்காரம்மா, "துணிதான் கிழிஞ்சிருக்கு, தையல் பிரியல" என்று மேடத்திடம் பெருமையாகக் காட்டினார்.

கப்புகளில் இருந்த மீன்களை மேடத்தின் மேற்பார்வையில் வாயகன்ற பாத்திரங்களுக்கு மாற்றினார்கள். சான்றிதழ் வாங்கியவர்களே ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் போனார்கள். தீனி எவ்வளவு, தண்ணீர் எப்போது என்று ஒவ்வொருவரும் மூன்று முறை கேட்டார்கள். எப்போது சாகும் என்று ஒருவர் கேட்டார். பழக்கதோஷம்.

டிரைவர் படியிலிருந்து எழுந்தார். "ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?"

"நீங்க ஓட்டுறதுதாங்க."

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அவர் அந்த பஸ்ஸில் பயணியாக ஏறினார். பாலத்தில் வேறொருவர் கியர் மாற்றிய விதம் பிடிக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே போனார். டாக்டர் இரண்டு அடைப்பு என்றார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பாலத்திலேயே முடிந்திருக்கும், கூட அறுபது பேரோடு என்றார். மீனய்யா மூன்று என்று சொன்னது வேறு ஆளுக்கு என்பதால் கணக்கில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடைப்பை நீக்கிக்கொண்டு வந்த டிரைவர் இப்போது டிப்போவில் ஸ்டூலில் உட்கார்ந்து வர்ற வண்டி போற வண்டியை எண்ணுகிறார். கோபமாகத்தான் எண்ணுகிறார். ஆனால் இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறி வந்து அந்தக் கோபத்தை மனைவியிடம் காட்டுகிறார். மீனய்யா நாலு தெரு தள்ளி கண்டந்தாங்கி ஆமை ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி. ஆமை லேசில் சாகிறதில்லையாம். வியாபாரம் மந்தம்.

கருநீல மீன் தையல்கடையில் இளவரசிக்குப் பக்கத்தில் வாயகன்ற பாத்திரத்தில் இருக்கிறது. அரித்த ஃப்ரில் ஓரங்கள் வளர்ந்து, நெளிநெளியாக விரிந்துவிட்டன. மேடத்தின் ப்ளவுஸ் இன்னும் இளவரசி மேல்தான். அது தடயம் என்கிறார் தையல்காரம்மா. நாளைக்குத் தருவார்.

போன வாரம் ஒரு புது ஆள் வாசலில் நின்று மீனையே பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இதைப் பத்திக் கேள்விப்பட்டேன். செத்துப் பிழைச்ச மீனாமே. சக்தி அதிகமாமே. எந்தக் கண்டத்துக்கு நல்லது?" என்று கேட்டார்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினார்.

"இது எந்தக் கண்டத்தையும் தாங்காது சார். தண்ணி இருந்தா நீந்தும், தீனி போட்டா தின்னும். உள்ள வாங்க, இளவரசியையும் பாருங்க. யார் என்ன சொன்னாலும் மறுபேச்சு பேசமாட்டா, எதை மாட்டிவிட்டாலும் போட்டுக்குவா. ஏன்னா அவளுக்குத் தலை இல்ல. உங்களுக்கு என்ன சார் கேடு? கழுத்துக்கு மேல நல்லாத்தானே இருக்கு, எடுத்து உபயோகப்படுத்துங்க."